பேஸ் கிட்டாரின் நெக் அடிபட்டால்: சரிசெய்வதா, மாற்றுவதா?

பேஸ் கீழே விழுந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஆம்ப்பில் செருகி சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான். அதைச் செய்யாதீர்கள். முதல் வேலை, நான்கு ஸ்ட்ரிங்கையும் தளர்த்துவது. சுருதி சேர்த்து வைத்த சாதாரண நாலு ஸ்ட்ரிங் பேஸில், ஸ்ட்ரிங்குகள் எல்லாம் சேர்ந்து நெக்கை, அதாவது விரல்கள் ஓடும் அந்த நீண்ட கழுத்தை, 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பது போல. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அந்த இழுப்பில் விடிவதற்குள் பிளந்துவிடலாம்.

அடுத்து, தெறித்து விழுந்த சிராய்களைப் பொறுக்கி எடுத்து வையுங்கள். அப்புறம், பசை எதையும் தொடாதீர்கள். வீட்டில் இருக்கும் உடனொட்டிப் பசையை விரிசலில் ஊற்றுவதுதான் நெக்குக்கு நடக்கும் மிகப் பெரிய கெடுதல். அது மரத்தின் துளைகளில் ஊறிக் கண்ணாடி போல் இறுகிவிடும். பிறகு நல்ல பசைக்கு உள்ளே போக வழியே இருக்காது. உடைந்த மரத்துக்கு முதல் ஒட்டுதான் நல்ல ஒட்டு. இரண்டாவது ஒட்டு எப்போதும் ஒரு படி கீழேதான்.

பெரம்பூரில் ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் கீதப் பயிற்சியின்போது ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்த பேஸை ஒரு தம்பி என்னிடம் கொண்டுவந்தார். நெக்கின் நுனியில் தலை போல இருக்கும் ஹெட்ஸ்டாக், ஒரு பக்கத் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, இது அவ்வளவுதானா?" என்று கேட்டார். கூடவே ஒரு பிஸ்கட் கவரை நீட்டினார். உள்ளே தீக்குச்சியில் பாதி அளவுள்ள ஐந்தாறு சிராய்கள். பாலிஷ் ஒட்டிய ஒரு சில்லு கூட இருந்தது. தரையில் டார்ச் அடித்துப் பொறுக்கியிருக்கிறார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்த பேஸ் இன்றும் ஞாயிறுதோறும் வாசிக்கப்படுகிறது. வேறொருவர் கொண்டுவந்தது விலை உயர்ந்த பேஸ். அதே மாதிரி உடைவு. ஆனால் அவருக்குத் தெரிந்த ஆசாரி பின்பக்கத்திலிருந்து இரண்டு மரத்திருகை இறக்கி, இடுக்கு முழுவதும் வெள்ளைப் பசையால் நிரப்பியிருந்தார். திருகு இறங்கிய இடத்தில் மரம் மேலும் இரண்டு கோடாகப் பிளந்திருந்தது. சுலபமாக முடிந்திருக்க வேண்டிய வேலை, அந்த நெக்கின் கடைசி வேலையாகிவிட்டது.

ஆக, அடிபட்டது எது என்பதைவிட, அடிபட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. அறிகுறிகளுக்குள் போகும் முன் உங்கள் நெக் உடலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீணையில் ஒட்டு வீணை, ஏகாந்த வீணை என்று இரண்டு உண்டு அல்லவா? குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒன்று, ஒரே மரத்தில் குடைந்தது இன்னொன்று. பேஸிலும் ஏறக்குறைய அதே கதைதான். பின்பக்கம் தகடும் நான்கு திருகும் தெரிந்தால் அது திருகு நெக். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இந்த வகைதான். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம் என்பது அந்த அமைப்பிலேயே இருக்கிறது. திருகு இல்லாமல் பசையால் உடலுக்குள் பதித்திருந்தால் அது ஒட்டு நெக். மாற்ற முடியும், ஆனால் ஆவி பிடித்துக் கழற்றுவதும் புதிதாகச் செதுக்கிப் பொருத்துவதும் பெரிய வேலை. நெக்கின் மரம் உடலின் நடுவழியாகக் கடைசி வரை ஓடினால் அது முழுநீள நெக். அங்கே மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழே நான் "மாற்றிவிடுங்கள்" என்று சொல்லும் இடங்களில் எல்லாம் திருகு நெக்கை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஹெட்ஸ்டாக் உடைந்திருக்கிறது, அல்லது நட்டுக்குப் பின்னால் ஒரு கோடு தெரிகிறது

நட் என்பது ஸ்ட்ரிங்குகள் ஹெட்ஸ்டாக்கிலிருந்து இறங்கி உட்காரும் அந்த எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டு. அதற்குப் பின்னால்தான் பெரும்பாலான நெக்குகள் உடைகின்றன. கிப்சன் வகை பேஸ்களில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மரம் மஹோகனி. சாய்ந்த பகுதியில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். போதாததற்கு நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற கம்பியின் முனைக்காக அதே இடத்தில் குழி வேறு தோண்டியிருப்பார்கள். கிப்சனின் தண்டர்பேர்ட் பேஸ் வைத்திருப்பவர்கள் அதைப் பச்சைக் குழந்தை மாதிரித் தூக்குவது இதனால்தான். ஃபெண்டர் வகையில் ஹெட்ஸ்டாக் சாய்வதில்லை, மேப்பிள் மரமும் கெட்டி. விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

கோடு தெரிந்தால் அது பாலிஷில் மட்டும் விழுந்த கோடா, மரத்திலேயே விழுந்ததா என்று தெரிய வேண்டும். ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு நெக்கை மடியில் மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நட்டுக்குக் கீழே பிடித்திருக்கட்டும். மற்றக் கையின் கட்டைவிரலால் ஹெட்ஸ்டாக்கின் நுனியைப் பின்னோக்கி மிக மெதுவாக அழுத்துங்கள். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழட்டும். பாலிஷ் கோடு என்றால் ஒன்றும் நகராது. மரக்கோடு என்றால் அந்தக் கோடு ஒரு முடி அளவுக்குக் கறுத்துத் திறக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். சில சமயம் "டிக்" என்று ஒரு சின்ன சத்தம் வரும். அந்த அசைவைப் பார்த்த பிறகு மறுபடி அழுத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டே போகும்.

இப்போது உடைவின் நீளத்தைப் பாருங்கள். இந்த அறிகுறியில் முடிவெடுக்க உதவுவது இதுதான். நார் போகும் திசையிலேயே நீளமாக, சீவியது போல ஐந்தாறு சென்டிமீட்டர் ஓடிய உடைவு என்றால் சந்தேகமே வேண்டாம், சரிசெய்யுங்கள். பசை பிடிக்க ஏராளமான பரப்பு இருக்கிறது. நல்ல மரப்பசை போட்டு சரியாக இறுக்கினால், அடுத்த முறை விழும்போது ஒட்டிய இடம் விட்டு வேறு இடத்தில்தான் உடையும். முறுக்கு உடைந்தது போலக் குறுக்கே குட்டையாக உடைந்திருந்தால் பசை மட்டும் போதாது. பின்பக்கம் இரண்டு வாய்க்கால் வெட்டி, உடைவைத் தாண்டி இருபுறமும் போகும் கெட்டி மரப்பட்டைகளைப் பதிக்க வேண்டும். அது தேர்ந்த கைக்கான வேலை. ஒட்டு நெக்குக்கும் முழுநீள நெக்குக்கும் அந்தச் செலவு நியாயம். திருகு நெக்குக்கு அதே செலவில் வேறு நெக்கே கிடைக்கலாம்.

நீங்களே ஒட்டுவது என்றால், நீளமான சுத்தமான உடைவை மட்டும் முயலுங்கள். மரவேலைக்கான மஞ்சள் நிறப் பசை நல்லது. பழைய ஆசாரிகள் பயன்படுத்தும் வச்சிரமும் அருமையான பசைதான், ஆனால் அதைச் சூடாகக் கையாளப் பழக்கம் வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் விடாத இழுப்பில் மெல்ல மெல்ல நழுவும். நாற்காலிக் காலுக்கு அது பிரச்சினை இல்லை, பேஸ் நெக்குக்குப் பிரச்சினை. பசையைத் தொடும் முன் கிளாம்ப்புகளை ஒரு தடவை வெறுமனே மாட்டி ஒத்திகை பாருங்கள். நெக்கின் வளைவுக்கு ஏற்ற மரக்கட்டைகளை வெட்டி, மெழுகுத்தாள் சுற்றி, கிளாம்ப்புக்கும் நெக்குக்கும் நடுவில் வையுங்கள். ட்ரஸ் ராடின் முனையிலும் மரையிலும் மெழுகு தடவுங்கள், அங்கே பசை இறங்கினால் நெக் நேராகும் வழியே அடைபட்டுவிடும். பிறகு கோட்டைத் திறந்து, மெல்லிய தகடாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ ஆழம் வரை பசையைக் கொண்டுபோங்கள். இறுக்கும்போது கோடு முழுவதும் சின்னச் சின்ன முத்தாகப் பசை வெளியே வர வேண்டும். ஓரிடத்தில் வரவில்லை என்றால் அங்கே பசை போகவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நான் மூன்று நாள் விடுகிறேன், ஸ்ட்ரிங் ஏற்றுவதற்கு ஒரு வாரம்.

ஏற்கெனவே யாரோ ஒட்டி மறுபடி திறந்த உடைவு, மரத்துண்டு காணாமல் போன உடைவு, நட்டைத் தாண்டி முதல் ஃபிரெட்டுக்கு (விரல் அழுத்தும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அடியில் நுழைந்த உடைவு, இந்த மூன்றையும் வீட்டில் தொடாதீர்கள். திருகு நெக் என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்ட்ரிங் எல்லாம் உயர்ந்துவிட்டது, நெக் வில் போல வளைந்திருக்கிறது

இந்தக் குறையோடு வரும் நெக்குகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போனவையே இல்லை. ஸ்டூடியோ ஏசியிலிருந்து கடற்கரைக் காற்று வீசும் மேடைக்குப் போய், மறுபடி ஏசிக்குத் திரும்பும் மரம் அசையத்தான் செய்யும். சென்னையில் சித்திரை வெயிலில் ஒரு மாதிரி, மார்கழியில் ஒரு மாதிரி. பேஸை ஒரே அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு அளவெடுங்கள்.

அளவெடுக்க ஃபீலர் கேஜ் வேண்டும். வண்டி மெக்கானிக் பிளக் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் அதே தகடுக் கட்டுதான், சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பேஸ் சுருதியில் இருக்கட்டும். ஈ ஸ்ட்ரிங்கை (இருப்பதிலேயே தடித்தது) முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது ஸ்ட்ரிங்கே ஒரு நேர்கோட்டு மட்டம். எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் நெக் நலமாக இருக்கிறது என்று பொருள். கோளாறு, ஸ்ட்ரிங்குகளை உடல் பக்கத்தில் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சாடிலின் உயரத்தில் இருக்கலாம். 1 மி.மீ. என்றால் ட்ரஸ் ராடைத் தொட வேண்டும்.

ட்ரஸ் ராடு என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. ஸ்ட்ரிங்குகள் முன்னே இழுக்கும் இழுப்புக்கு எதிராக அது நெக்கைப் பின்னே பிடித்து வைக்கிறது. முனைத் திருகை எதிரே பார்த்தபடி வலப்பக்கம் திருப்பினால் இறுகும், நெக் நிமிரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். சுருதி சேர்த்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. சாவி அந்தத் திருகுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இன்ச் அளவுத் திருகில் ஏறத்தாழ உட்காரும் மி.மீ. சாவியைப் போட்டு முனையை மொழுக்கியவர்கள் நிறைய பேர்.

இங்கிருந்து மூன்று வழி பிரிகிறது. திருப்பத் திருப்ப நெக் நிமிர்ந்தால் வேலை முடிந்தது, யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். இரண்டாவது, திருகு முழுதாக இறுகிவிட்டது, இன்னும் வளைவு மிச்சம் இருக்கிறது. அப்போது முனைத் திருகைக் கழற்ற முடிகிற அமைப்பாக இருந்தால் கழற்றி, அடியில் ஒன்றிரண்டு சின்ன வாஷர் போட்டு மாட்டிப் பாருங்கள். மரை தீர்ந்துபோனதுதான் காரணம் என்றால் இதிலேயே உயிர் வந்துவிடும். மூன்றாவது, திருகு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நெக் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கலாம், அல்லது பிடிப்பு விட்டிருக்கலாம். நுனி மரையில் மட்டும் அறுந்திருந்தால், மிச்சக் கம்பியில் புதிதாக மரை வெட்டி மீட்கும் கருவிகள் தேர்ந்த பட்டறைகளில் உண்டு. நடுவில் அறுந்திருந்தால் விரல்பலகையையே சூடாக்கிப் பிரித்து, கம்பியை மாற்றி, திரும்ப ஒட்டி, ஃபிரெட் வேலையும் பார்க்க வேண்டும். திருகு நெக்குக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதே இல்லை. உயிரில்லாத ட்ரஸ் ராடுள்ள நெக் இன்று சமாளித்தாலும், அடுத்த பருவம் மாறும்போது மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

சூடு காட்டி நிமிர்த்துவது என்று ஒரு முறை இருக்கிறது. நெக்கை எதிர்ப்பக்கம் வளைத்துக் கட்டி, விரல்பலகையின் பசை இளகும் வரை சூடாக்கி, அப்படியே ஆறவிடுவார்கள். சில நெக்குகள் பல ஆண்டு நேராக நிற்கும், சில ஒரே மாதத்தில் பழைய வளைவுக்குத் திரும்பிவிடும். மாற்ற வழியே இல்லாத நெக்குக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். பூட்டிய காரின் பின்சீட்டில் மே மாத மதியத்தில் பேஸை விட்டுவிட்டுப் போனால் கிட்டத்தட்ட இதே சூடு காட்டல்தான் நடக்கிறது, நிமிர்த்துவதற்குப் பதிலாக வளைப்பதற்கு.

முதல் சில ஃபிரெட்டுகளில் மட்டும் இரைச்சல்

நெக் எதிர்ப்பக்கம், பின்னோக்கி வளைந்திருக்கும். மேலே சொன்ன அளவில் இடைவெளியே இருக்காது. ட்ரஸ் ராடை இடப்பக்கம் தளர்த்துங்கள். முழுதாகத் தளர்த்தியும் நிமிரவில்லை என்றால் கொஞ்சம் தடித்த ஸ்ட்ரிங் செட் மாட்டி, சுருதியில் ஒரு வாரம் வையுங்கள், இழுப்பே அதை முன்னே கொண்டுவரும். இதற்காக நெக்கை மாற்றும்படி ஆனது எனக்கு அபூர்வம். திறந்த ஸ்ட்ரிங்கில் மட்டும் இரைச்சல் என்றால் நட்டின் பள்ளம் தேய்ந்திருக்கிறது. புது நட் போதும்.

ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, மறுபக்கம் இல்லை

முறுக்கிய நெக். உடலின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் வழியே நட்டைப் பாருங்கள். கடைசி ஃபிரெட்டும் நட்டும் இரண்டு படிக்கட்டு போல இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு. அப்புறம் ஈ ஸ்ட்ரிங் பக்கமும் ஜி ஸ்ட்ரிங் (இருப்பதிலேயே மெல்லியது) பக்கமும் இடைவெளியைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஈ பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது கெடுதல் இல்லை, தடித்த ஸ்ட்ரிங் அதிக அகலத்துக்கு அதிர்வதால் உதவிதான். ஜி பக்கம் கூடுதலாகவும் ஈ பக்கம் தட்டையாகவும் இருந்தால்தான் கைக்கு வேதனை.

கொஞ்சம் முறுக்கு என்றால் ஃபிரெட்டுகளை அரம் போட்டுச் சமன்செய்து மறைத்துவிடலாம். நிறைய என்றால் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, விரல்பலகையை இழைத்து, புது ஃபிரெட் அடிக்க வேண்டும். ட்ரஸ் ராடு ஒரே கம்பி, நெக்கின் நடுவில் போகிறது, அதனால் முறுக்கை எடுக்க முடியாது. முறுக்கும் செத்த ட்ரஸ் ராடும் ஒன்றாக வந்தால் நான் யோசிப்பதே இல்லை, மாற்றச் சொல்லிவிடுவேன். மற்ற எந்த அறிகுறியிலும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நெக் ஆடுகிறது, திருகு சும்மா சுற்றுகிறது

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் இதுதான். பலமுறை கழற்றி மாட்டியதில் துளையின் மரை தேய்ந்துவிட்டது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கெட்டி மர முளையைப் பசையோடு அடித்து, காய்ந்ததும் அளவாகப் புதுத் துளை போட்டால் பழையதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். தீக்குச்சி திணிப்பது ஒரு நிகழ்ச்சியை ஓட்ட உதவும், அவ்வளவுதான். நெக்கின் அடிக்கட்டையில் திருகு வரிசையிலேயே நீளவாக்கில் விரிசல் இருந்தால், ஒட்டிவிட்டு நான்கு துளையையும் புதிதாகப் போட வேண்டும். நெக் உட்காரும் குழியின் ஓரத்தில் உடலில் தெரியும் கோடு பெரும்பாலும் பெயின்ட் கோடுதான், விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்தது

2015 டிசம்பருக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இந்தக் கேள்வி எனக்குத் தொடர்ந்து வந்தது. வேளச்சேரியில் தரைத்தளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் மிதந்த பேஸ் ஒன்று, ஹார்டு கேஸோடு வந்தது. கேஸின் உள்துணியில் சேறு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கொண்டுவந்தவர் அதை வெயிலில் காய வைக்கவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் நெக் பிழைத்தது.

பாலியெஸ்டர் பூச்சுள்ள நெக்கில் தண்ணீர் எல்லாப் பக்கமும் நுழைவதில்லை. ட்யூனர் (சுருதி சேர்க்கும் முறுக்காணி) துளை, திருகுத் துளை, ட்ரஸ் ராடின் வாய், பூச்சில்லாத விரல்பலகை ஆகிய வழிகளில்தான் நுழைகிறது. அதனால் ஓரிடம் ஊறியும் மற்றோரிடம் உலர்ந்தும் இருக்கும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் சடாரென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, மரம் பிளக்கும். ஸ்ட்ரிங்கைத் தளர்த்துங்கள், நெக்கைக் கழற்றுங்கள், ட்யூனர்களையும் கழற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு சேற்றை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ட்ரஸ் ராடைத் தளர்த்தி வையுங்கள். நிழலில், தட்டையான இடத்தில், அடியிலும் காற்றுப் போகும்படி இரண்டு குச்சி மேல் வைத்து, மின்விசிறியைத் தூரத்தில் வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். மூன்று வாரம். அதுவரை எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து, விரல்பலகை நெக்கோடு சேரும் கோட்டில் ஒரு விசிட்டிங் கார்டின் முனையை ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது உள்ளே நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. ஓரத்தில் கொஞ்ச தூரம் என்றால் சுத்தம் செய்து ஒட்டிவிடலாம். பாதி நெக் நீளத்துக்கு விட்டிருந்தால், ட்ரஸ் ராடும் துருப்பிடித்து இறுகியிருந்தால், மாற்றுங்கள். வேளச்சேரி பேஸில் நட் பக்கத்தில் மட்டும் மூன்று விரல்கடை தூரம் திறந்திருந்தது. ஒட்டினேன், ஃபிரெட்டெல்லாம் மாற்றினேன். அந்த விரல்பலகை ஈட்டி மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. வெளிநாட்டில் செய்த கிட்டார்களின் விரல்பலகைகளில்கூட இந்திய ஈட்டியை நிறையவே பார்க்கலாம். ஊறிக் காய்ந்தும் அதில் ஒரு வெடிப்புகூட இல்லை.

விரிசல் இல்லை, வளைவு இல்லை, ஆனால் ஒரு சுரம் மட்டும் செத்துப்போகிறது

ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் "டும்" என்று தொடங்கி உடனே அடங்கிவிடும். இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளைப் பழகுபவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் திடுக்கிட்டு, நெக்குக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி வருவார்கள். எதுவும் உடையவில்லை. நெக்குக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. வாசிக்கும் சுரம் அதோடு ஒத்துப்போகும்போது ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. சோதிக்க, ஒரு சிறிய கிளாம்ப்பைத் துணி சுற்றி ஹெட்ஸ்டாக்கில் மாட்டி அதே சுரத்தை வாசியுங்கள். எடை கூடியதும் அடங்கும் இடம் அரை சுரமோ ஒரு சுரமோ தள்ளிப்போனால் சந்தேகம் தீர்ந்தது. இதற்காக நெக்கை மாற்றாதீர்கள். புது நெக்கிலும் அது வேறோர் ஃபிரெட்டில் உட்கார்ந்திருக்கலாம். ட்யூனர்களை எடை குறைந்ததாகவோ கூடியதாகவோ மாற்றிப் பார்ப்பது மலிவு.

ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றன

ஏசி அறையில் விரல்பலகை வறண்டு சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. மெல்லிய அரத்தால் முனைகளை உருட்டிவிடுங்கள். நெக்குக்கு ஒன்றும் இல்லை.

மாற்றுவது என்று முடிவானால்

செலவில் என் கணக்கு இது: அதே மாடல் பழைய பேஸ் கைக்கு வரும் விலையில் பாதியை ரிப்பேர் தாண்டினால், திருகு நெக்கை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆரம்ப நிலை பேஸ்களில் நல்ல நெக்கின் விலை முழு பேஸின் விலையையே எட்டிவிடும். அப்போது உடல் அடிபட்ட, நெக் நன்றாக உள்ள பழைய பேஸ் ஒன்றைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். அப்பா வாசித்த பேஸ், பல வருடம் உள்ளங்கை தேய்த்து மெருகேறிய நெக் என்றால் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். கை பழகிய நெக்கின் வடிவம் வேறு எங்கும் விலைக்குக் கிடைக்காது. அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை.

வாங்கும் முன் அளவுகள். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரட்டிப்பாக்கினால் ஸ்ட்ரிங் அதிரும் நீளம் வரும். பெரும்பாலானவை 34 இன்ச், அதாவது பாதி 17 இன்ச். 30 இன்ச் பேஸும் உண்டு, இரண்டையும் கலந்தால் எந்தச் சுரமும் சேராது. ஃபெண்டர் வகை நெக்கின் அடி அகலம் 63.5 மி.மீ. வேறு பெயரில் வரும் பேஸ்கள் பார்க்க ஒன்று போல இருந்தாலும் ஓரிரு மி.மீ. மாறும், அதனால் உங்கள் குழியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். குழியின் மூலை சதுரமா, வளைவா என்றும் பாருங்கள். நட் அகலம் ஜாஸ் பேஸ் வகையில் 38 மி.மீ., பிரிசிஷன் வகையில் பொதுவாக 41 மி.மீ. மூன்று மி.மீ.தானே என்று தோன்றும், இடது கைக்கு அது வேறொரு வாத்தியம். ட்யூனர் துளையின் விட்டமும் பொருந்த வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஈட்டி விரல்பலகை உள்ள நெக்கை வரவழைக்கச் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வந்தபோது தாள் வேலை கூடியது உண்மை. 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் செய்து முடித்த பாகங்களுக்கும் விலக்கு இருக்கிறது.

புது நெக்கில் முன்பே துளை போட்டிருந்தால் அது உங்கள் பேஸ் உடலின் துளைகளோடு ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். நெக்கைக் குழியில் வைத்து லேசாகக் கிளாம்ப் போட்டு, ஈ, ஜி இரண்டு ஸ்ட்ரிங்கை மட்டும் தளர்வாக ஏற்றுங்கள். இரண்டும் விரல்பலகையின் ஓரங்களிலிருந்து ஒரே தூரத்தில் ஓடும் வரை நெக்கை மயிரளவு நகர்த்துங்கள். அப்போதுதான் உடலின் துளை வழியே குறி போட வேண்டும். டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விரல்பலகை வழியே வெளியே வந்துவிடும். திருகு மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இறக்கினால் மேப்பிள் பிளக்காது, திருகும் முறியாது.

நான்கு ஸ்ட்ரிங்கும் ஏற்றிச் சுருதி சேர்த்து, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் அறையிலேயே ஒரு வாரம் வையுங்கள். புது நெக் அந்த வாரத்தில் தன் இழுப்பைத் தேடிக்கொள்ளும். அதற்குப் பிறகு ட்ரஸ் ராடைச் சரிபார்த்து, 17-வது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் 2 முதல் 2.5 மி.மீ. வரை வரும்படி சாடிலை இறக்குங்கள். ஃபிரெட்டில் அரம் போட வேண்டியிருந்தால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் செய்யுங்கள்.